சென்னைல மேடே இல்ல, மும்பை ஃபுல்லுக்கு ஹில் இன்டர்வல் எங்க, எப்படி பண்றது?

அடையாறு_விடியல்

வணக்கம் மக்களே. ஜனவரில மும்பை ஃபுல் மாரத்தானுக்கு பதிவு பண்ணியாச்சு, டார்கெட் 4 மணி நேரத்துக்குள்ள. போன சீசன்ல சென்னைலயே ஃபுல் முடிச்சதால தூரம் பயமா இல்ல, ஆனா மும்பைல ஓடினவங்க எல்லாரும் சொல்றது ஒரே விஷயம்தான், கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர்ல பெடர் ரோடு ஏத்தம் வரும், வெயிலும் ஏறியிருக்கும், அங்கதான் பாதி பேர் நடக்க ஆரம்பிப்பாங்கன்னு. நான் ஓடுறது பெசன்ட் நகர், அடையாறு, ஞாயித்துக்கிழமை மெரினா வரைக்கும். இந்த ரூட் முழுக்க ஏத்தம்னு சொல்லிக்கிறதுக்கு திரு.வி.க. பாலத்த விட்டா ஒண்ணும் கிடையாது. டிரெய்னிங் பிளான்ல வாரம் ஒரு நாள் ஹில் இன்டர்வல், அதாவது மேட்டுல 90 செகண்ட் வேகமா ஏறி, இறங்கி, மறுபடி ஏறுறது, 8 தடவைன்னு போட்டிருக்கு. எங்க போய் ஓடுறது, எந்த பேஸ்ல (கிலோமீட்டருக்கு எத்தன நிமிஷம்) ஓடுறது ரெண்டுமே புரியல. ஃபிளைஓவர் ஓகேவா? டிரெட்மில் போதுமா? ரேஸுக்கு இன்னும் 15 வாரம் இருக்கு.

தட்டைத்தரை

என் கருத்து வேற. 42 கிலோமீட்டர்ல ஏத்தம் மொத்தமே ரெண்டு மூணு இடம், அதுக்காக வாரம் ஒரு நாள மேட்டுக்குக் குடுக்கறதுக்குப் பதிலா அந்த நாள்ல இன்னொரு 12 கிலோமீட்டர் ஈஸியா ஓடினா மாரத்தானுக்கு அதிக பலன். நாலு மணி நேர ஓட்டக்காரங்க 35க்கு மேல நடக்கறதுக்கு காரணம் ஏத்தம் இல்ல, வார மைலேஜ், அதாவது வாரத்துல ஓடுற மொத்த தூரம், பத்தலங்கறதுதான்.

நாற்பது_பிளஸ்

தட்டைத்தரை சொல்றதுல உண்மை இருக்கு, மைலேஜ் இல்லாம மேடு மட்டும் ஓடி பிரயோஜனம் இல்ல. ஆனா ஹில் இன்டர்வல் வெறும் ஏத்தத்துக்கான பயிற்சி மட்டும்னு எடுத்துக்கிட்டா அதுல பாதிய விட்டுர்றோம். நியூசிலாந்து கோச் ஆர்தர் லிடியார்டோட ஆளுங்க 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல ஓடினது பெரும்பாலும் தட்டையான டிராக்ல, மாரத்தான் மட்டும் ரோட்டுல. பீட்டர் ஸ்னெல் 800 மீட்டர் தங்கம், மர்ரே ஹால்பெர்க் 5000 தங்கம், பேரி மேகி மாரத்தான் வெண்கலம். இவங்க எல்லாரும் ஆக்லாந்து பக்கம் வைட்டாக்கரே மலைத்தொடர்ல 22 மைல் மேடும் பள்ளமுமா இருக்கற ஒரு சுத்துப்பாதைல ஓடினவங்க, 800 மீட்டர்க்காரர் ஸ்னெல் உட்பட. அந்த அடித்தளப் பயிற்சி முடிஞ்சு, டிராக் வேலை ஆரம்பிக்கறதுக்கு நடுவுல சில வாரம் மேட்டுல துள்ளித் துள்ளி ஓடுற ஒரு கட்டத்த லிடியார்ட் வச்சார். வெயிட் தூக்காமலே கால் பலம் வரும், அதுவும் ஓடுற அதே அசைவுலயே வரும், அதுதான் அவர் கணக்கு.

இப்ப உங்க பேஸ் கேள்விக்கு வரேன், இந்த இழைல எனக்கு முக்கியமா படறது இதுதான். மேட்டுல பேஸ் பாக்காதீங்க, தயவுசெஞ்சு வாட்ச்ல அந்த ஸ்கிரீனையே மாத்தி வச்சிருங்க. ஏத்தத்துல ஒவ்வொரு 1 சதவீத சரிவுக்கும் கிலோமீட்டருக்கு சுமாரா 8, 9 செகண்ட் போகும்னு கோச்சுங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. 4 மணி நேரம்னா உங்க பேஸ் கிலோமீட்டருக்கு 5:41. 4 சதவீத ஏத்தத்துல அதே மூச்சுக்கு 6:15 கிட்ட வரும், அது சரியான வேகம். அங்க 5:41 பிடிச்சே தீருவேன்னு நின்னா நீங்க ஓடுறது மாரத்தான் இல்ல, 10கே (10 கிலோமீட்டர்) ரேஸ் எஃபர்ட். அதுக்கான விலைய அடுத்த ரெண்டு மூணு கிலோமீட்டர்ல கட்டுவீங்க. ஹார்ட் ரேட்டும் சின்ன ரெப்ல (ஒரு தடவை ஏறுறது ஒரு ரெப்) உதவாது, அது ஏறி வர்றதுக்குள்ள ரெப் முடிஞ்சிரும். மூச்சு ஒண்ணுதான் நம்பகமான மீட்டர். 90 செகண்ட் ரெப்னா 5கே ரேஸ் மூச்சு, ஒரு வார்த்தை ரெண்டு வார்த்தை பேச வரும், முழு வாக்கியம் வராது. முதல் ரெப்பும் எட்டாவது ரெப்பும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல முடியணும். கடைசி ரெண்டுல பத்து மீட்டர் பின்னாடியே நின்னுட்டீங்கன்னா முதல் ரெண்டுல கூட ஓடிட்டீங்கன்னு அர்த்தம்.

கோவை_மேடு

ஏனுங்க, சென்னைல மேடு இல்லீன்னு கவலைப்படாதீங்க. நான் ரோடு டிசைன் வேலைல இருக்கறவன், அந்தக் கணக்குல ஒண்ணு சொல்றேன். நம்ம நாட்டு நெடுஞ்சாலை விதில சமவெளி ரோட்டுக்கு வழக்கமான சரிவு 30க்கு 1, அதாவது 3.3 சதவீதம். சிட்டி ஃபிளைஓவர் எல்லாம் பெரும்பாலும் அதுக்குப் பக்கத்துலதான் இருக்கும். அடில லாரி, பஸ் போறதுக்கு இடம் விட்டு மேல தளம் போட்டா சுமாரா 7 மீட்டர் உயரம், அதுக்கு 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல ராம்ப் வேணும். நீங்க அத நல்லா அழுத்தி ஓடினா ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும். ஒரு நிமிஷ ரெப்புக்கு அளவான மேடு அது.

மலை ரோட்டுக்கு விதி 20க்கு 1, அதாவது 5 சதவீதம், ரொம்ப செங்குத்தான மலைல 6. அதனால காட் ரோடுன்னா பயங்கரமா செங்குத்தா இருக்கும்னு நினைக்காதீங்க, பஸ் ஏறணுமில்லீங்க, அதுக்குத்தான வளைச்சு வளைச்சு போட்டிருக்கு. இன்னொண்ணு, கொண்டை ஊசி வளைவுக்குள்ள சரிவு 2.5 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு விதி. ஓடுறவங்க இத கவனிச்சிருப்பாங்க, வளைவு வந்தா காலுக்கு ஒரு சின்ன ஓய்வு கிடைக்கும். நாங்க ஏத்தத்துல லாங் இன்டர்வல் போடறப்ப வாட்சே பாக்கறதில்லீங்க, ஒரு வளைவுலருந்து அடுத்த வளைவு வரைக்கும் அழுத்தம், வளைவுல மெதுவா, அவ்வளவுதான். ரோடே இன்டர்வல் போட்டுக் குடுத்துருது.

ஒரே ஒரு எச்சரிக்கை, எங்க மருதமலைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, ஏற்காடு கோத்தகிரி பக்கம் காட்டெருமை. இருட்டுல ஹெட்ஃபோன் மாட்டிட்டு தனியா ஏறாதீங்க.

அடையாறு_விடியல்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கோவை அண்ணா, அந்த வளைவு விஷயம் அருமை. ஆனா ஃபிளைஓவர்ல 3.3 சதவீதம்னா அது ரொம்ப லேசு இல்லையா? பிளான்ல 5லருந்து 7 சதவீதம் மேடு தேடுன்னு போட்டிருக்கு. அதவிட பெரிய பிரச்சனை, ஃபிளைஓவர்ல நடைபாதையே கிடையாது, காலைல அஞ்சு மணிக்கு பைக்காரங்க வர்ற வேகம் பாத்தா பயமா இருக்கு.

பாஸ்டன்_தமிழ்

நான் இருக்கறது மாசசூசெட்ஸ், வீக்எண்ட் லாங் ரன் எல்லாம் பாஸ்டன் மாரத்தான் பாதைல வர்ற நியூட்டன் ஹில்ஸ்ல. "ரொம்ப லேசு"ன்னு கேட்டதால சொல்றேன். உலகத்துலயே பேர் போன மாரத்தான் ஏத்தம்னா பாஸ்டன் கோர்ஸ்ல இருக்கற ஹார்ட்பிரேக் ஹில். அதோட அளவு என்ன தெரியுமா, சுமார் 600 மீட்டர் நீளம், 27 மீட்டர் உயரம், சராசரி 4.5 சதவீதம். ஃப்ரெஷ்ஷான காலோட காலைல போய் அதுல மட்டும் ஓடிப் பாத்தா இதுக்கா இவ்ளோ பேர்னு தோணும். அது வர்றது 33 கிலோமீட்டர் கிட்ட, அங்கதான் விஷயமே. அதுக்கு முன்னாடி 26லருந்தே வரிசையா மூணு ஏத்தம், அதுக்கும் முன்னாடி ஹாப்கின்டன் ஸ்டார்ட்லருந்து ஒரே இறக்கம். ஸ்டார்ட்டுக்கும் ஃபினிஷுக்கும் நடுவுல 140 மீட்டர் கிட்ட இறங்கறோம். அந்த இறக்கத்துல தொடையோட முன்பக்கம் அடி வாங்கி வாங்கி செத்துப்போன பிறகு 4.5 சதவீதம் வந்தா அது சுவரு மாதிரி நிக்கும்.

அந்தப் பேர் வந்த கதையும் இதத்தான் சொல்லுது. 1936 பாஸ்டன் மாரத்தான்ல ஜானி கெல்லி, முன்னாடி ஓடிட்டு இருந்த டார்சான் பிரவுன அந்த மேட்டுல பிடிச்சுட்டார், தாண்டும்போது தோள்ல ஒரு தட்டு தட்டினார். பிரவுன் உசுப்பேறி திரும்ப முன்னாடி போய் ரேஸையே ஜெயிச்சுட்டார். கெல்லிக்கு நெஞ்சு உடைஞ்ச இடம்னு பத்திரிகைக்காரர் எழுதினதுதான் அந்தப் பேரு. மேட்டுல பிடிக்கறதுக்காக கூட செலவு பண்ணினா உச்சிக்கு அப்புறம் கைல ஒண்ணும் இருக்காது. நாற்பது பிளஸ் சொன்ன பேஸ் விஷயம் இதேதான்.

அதனால உங்க பெடர் ரோடும் இதே கதைதான்னு நினைக்கறேன். செங்குத்து மேடு தேடி அலையாதீங்க, களைச்ச காலோட லேசான மேடு ஏறப் பழகுங்க. நாங்க இங்க பண்றது, 28 கிலோமீட்டர் லாங் ரன்னோட கடைசி 8 கிலோமீட்டர் மேடு இருக்கற பக்கம் வர்ற மாதிரி ரூட் போட்டுக்கறது. ஆரம்பத்துல மேடு வச்சா அது வார்ம் அப் மட்டும்தான்.

சேலத்துக்காரி

ஏத்தத்தப் பத்தியே எல்லாரும் பேசறீங்க, எனக்கு இறக்கம்தான் பிரச்சனை. ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு, பாதி வரைக்கும் ஏறி திரும்ப இறங்கி வந்தா அன்னிக்கு ஒண்ணும் தெரியல, மறுநாள் விட்டு மறுநாள் படிக்கட்டு இறங்க முடியல, தொடை பிடிச்சுக்குது. ஏறும்போது மூச்சு வாங்குது, ஆனா வலி எல்லாம் இறங்கினதுக்குத்தான். இது காயமா, சாதாரண வலியா? நிறுத்தணுமா?

பிசியோ_அக்கா

சேலத்துக்காரி, நீங்க சொல்றது பெரும்பாலும் காயம் இல்லம்மா. ஏறும்போது தசை சுருங்கிக்கிட்டே வேலை செய்யுது. இறங்கும்போது தொடை முன்பக்கத் தசை நீண்டுக்கிட்டே பாரத்தப் பிடிச்சு நிறுத்துது, பிரேக் வேலை. அந்த மாதிரி வேலைல தசை நார்ல நுண்ணிய சேதம் அதிகம், வலி உடனே தெரியாது, 24 மணி நேரத்துக்கு அப்புறம் ஆரம்பிச்சு ரெண்டாவது மூணாவது நாள் உச்சத்துக்குப் போகும். ரெண்டு தொடையிலயும் ஒரே மாதிரி, பரவலா, தொட்டா வலிக்கற மாதிரி இருந்தா அது இதுதான். ஒரே பக்கம், ஒரு விரல் வச்சுக் காட்டற மாதிரி இடம், முட்டி வீக்கம், இதெல்லாம் இருந்தா நேர்ல காட்டணும். சிறுநீர் டீத்தண்ணி நிறத்துல போச்சுன்னா காத்திருக்காம அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க.

நல்ல செய்தி என்னன்னா, ஒரு தடவை இந்த அடி வாங்கின தசை அடுத்த தடவை அதே இறக்கத்துக்கு ரொம்பக் குறைவாத்தான் சேதமாகும், அந்தப் பாதுகாப்பு பல வாரம் நிக்கும். அதனால நிறுத்தாதீங்க, அளவக் குறைங்க. முதல்ல ரெண்டு மூணு வளைவு மட்டும் இறங்குங்க, மீதிய நடந்தோ பஸ்லயோ வாங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கூட்டுங்க. இறங்கும்போது பின்னாடி சாஞ்சு குதிகால் குத்திக் குத்தி பிரேக் போடாதீங்க, அடிய சின்னதாக்கி வேகமா வைங்க, முட்டி கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். ரேஸுக்கு முன்னாடி கடைசி மூணு வாரம் பெரிய இறக்கம் வேண்டவே வேண்டாம்.

அடையாறு தம்பிக்கு, நீங்க வருஷக்கணக்கா தட்டைத் தரைல ஓடினவர். மேட்டுல குதிகால் கீழ போயி கணுக்கால் கூட மடங்கும், கெண்டைக்காலும் அதுக்குக் கீழ இருக்கற குதிகால் தசைநாரும் இது வரைக்கும் பாக்காத இழுப்பப் பாக்கும். மூச்சு நாலு வாரத்துல பழகிரும், தசைநார் அவ்வளவு சீக்கிரம் பழகாது, இங்கதான் என்கிட்ட வர்றவங்க எல்லாரும் மாட்டறாங்க. எட்டு ரெப்ல ஆரம்பிக்காதீங்க, நாலு போதும். காலைல எழுந்து வைக்கற முதல் அடில குதிகால் விறைப்பு இருக்கான்னு தினமும் பாருங்க, இருந்தா அந்த வாரம் மேடு கட். படிக்கட்டு விளிம்புல நின்னு குதிகால மெதுவா கீழ இறக்கற பயிற்சி 15 தடவை 3 செட், முட்டி நேரா வச்சு ஒண்ணு, மடக்கி ஒண்ணு, இத இப்பவே ஆரம்பிங்க. ஸ்வீடன்ல ஆல்ஃபிரெட்சன்னு ஒரு டாக்டர் 1998ல தசைநார் வலிக்காரங்களுக்கு 12 வாரம் தினம் ரெண்டு வேளை குடுத்த பயிற்சி இது, வலி இல்லாதவங்க வாரம் மூணு நாள் பண்ணினா போதும். வலி குதிகால் எலும்பு மேலயே ஒட்டின இடத்துல இருந்தா மட்டும் படிக்குக் கீழ இறக்காதீங்க, தரைலயே பண்ணுங்க.

தட்டைத்தரை

அக்கா சொன்னதே என் பக்க வாதத்துக்கு பலம். வாரம் 40 கிலோமீட்டர் ஓடுற ஒருத்தர் இவ்வளவு ரிஸ்க் எடுத்து மேடு ஓடணுமா? அடையாறு, உங்க வார மைலேஜ் என்ன?

அடையாறு_விடியல்

இப்ப 45 கிட்ட. டிசம்பர்ல 65 வரைக்கும் கொண்டு போகணும்னு பிளான்.

நாற்பது_பிளஸ்

45 இருக்குன்னா தாராளமா ஆரம்பிக்கலாம், மைலேஜ குறைக்காம ஏற்கனவே இருக்கற ஸ்பீட் நாளுக்குப் பதிலா மேடு. கூடுதலா ஒரு கஷ்டமான நாள் சேக்கறதுதான் தப்பு. தட்டைத்தரைக்கு ஒரு விஷயம், 2013ல நியூசிலாந்துல பார்ன்ஸ் குழு நல்லா பயிற்சி பெத்த ஓட்டக்காரங்க 20 பேர வச்சு 6 வாரம் மேட்டு இன்டர்வல் குடுத்துப் பாத்தாங்க, சில செகண்ட் ஸ்பிரின்ட்லருந்து பல நிமிஷ ரெப் வரைக்கும் அஞ்சு வகை. 5 கிலோமீட்டர் நேரம் சராசரியா 2 சதவீதம் குறைஞ்சுது, ஓட்டச் சிக்கனம் (அதே வேகத்துக்குக் குறைவான ஆக்சிஜன் போதும்ங்கறது) அதிகம் கூடினது ரொம்ப சின்ன, ரொம்ப வேகமான ரெப் ஓடினவங்களுக்கு. சின்ன குழுதான், மாரத்தானும் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா மேடு தட்டைல உதவாதுன்னு சொல்ல முடியாது.

15 வாரத்த நான் பிரிக்கறதுன்னா இப்படி. முதல் மூணு நாலு வாரம் இன்டர்வலே வேண்டாம், வாரம் ரெண்டு ஈஸி ரன் முடிஞ்சதும் செங்குத்தா இருக்கற இடத்துல 8, 10 செகண்ட் முழு பலத்தோட ஒரு ஸ்பிரின்ட், நடந்து இறங்கி ரெண்டு நிமிஷம் முழுசா ஓய்வு, நாலு தடவைல ஆரம்பிச்சு எட்டு. மூச்சு வாங்கறதுக்குள்ள முடிஞ்சிரும். உங்க ஆபீஸ்லயோ அப்பார்ட்மென்ட்லயோ கார் பார்க்கிங் ராம்ப் இருந்தா அதுவே போதும், அது 10 சதவீதம் கிட்ட இருக்கும், செக்யூரிட்டிகிட்ட சொல்லிட்டு காலைல வண்டி வர்றதுக்கு முன்னாடி ஓடுங்க. அப்புறம் நாலு வாரம் பிளான்ல இருக்கற 60லருந்து 90 செகண்ட், ஜாக் பண்ணி இறங்கறதுதான் ரெக்கவரி. அதுக்கப்புறம் மூணு நாலு நிமிஷ ரெப், 10கே மூச்சுல, அஞ்சாறு போதும், கூடவே பாஸ்டன் நண்பர் சொன்ன மாதிரி லாங் ரன் கடைசில மேடு. இந்தக் கடைசி கட்டத்தத்தான் நம்ம ஊர்ல யாரும் பண்றதில்ல, மாரத்தானுக்கு நேரடியா பயன்படறது அதுதான்.

இடம், நடைபாதை இல்லாத ஃபிளைஓவர் வேண்டவே வேண்டாம். பரங்கிமலைக்கு வண்டி போற ரோடு இருக்கு, மலை 300 அடி கிட்ட, சென்னைக்குள்ள இதவிட நல்ல மேடு கிடையாது. அடையாறுலருந்து கிண்டி வழியா அங்க வரைக்கும் ஓடியே போனா லாங் ரன் கடைசி மேடு தானா அமையும். படிக்கட்டுல ஓடாதீங்க, அது மேல இருக்கற சர்ச்சுக்கு வர்றவங்க வழி, தவிர படிக்கட்டுல அடியோட நீளத்த படி முடிவு பண்ணும், நம்ம கால் இல்ல.

அடையாறு_விடியல்

பரங்கிமலை யோசனையே வரல எனக்கு, சூப்பர் சார். ஆனா அடுத்த ரெண்டு மாசம் மழை சீசன். மழை கொட்டற நாள்ல டிரெட்மில் ஓகேவா?

கோவை_மேடு

நடுத்தர நீள ரெப்புக்கு டிரெட்மில் அருமைங்க, 5 சதவீதம்னா கடைசி வரைக்கும் 5 சதவீதம், பாதில மேடு தீந்துராது. ரெண்டு விஷயம் மட்டும். கைப்பிடிய பிடிச்சா இன்கிளைனுக்கு அர்த்தமே இல்ல, எடைல ஒரு பங்க கை தாங்கிக்கும். பிடிக்காம ஓட முடியலீன்னா வேகத்தக் குறைங்க. அப்புறம் ஜிம்ல இருக்கற மெஷின்ல பெரும்பாலும் இறக்கம் கிடையாது, அக்கா சொன்ன அந்த பிரேக் பழக்கம் வராது. பெடர் ரோடு ஏறினா கெம்ப்ஸ் கார்னர் தாண்டி சௌபாத்திக்கு இறங்கணுமில்லீங்க. மழை விட்ட நாள்ல வெளிய போயிருங்க.

பாஸ்டன்_தமிழ்

ஜிபிஎஸ் வாட்ச் காட்டற எலிவேஷனையும் ரொம்ப நம்பாதீங்க. பாரோமீட்டர் இல்லாத வாட்ச்ல உயரம் தாறுமாறா வரும், இருக்கறதுலயும் மழை நாள்ல காத்தழுத்தம் மாறினா நின்ன இடத்துலயே ஏறி இறங்கும். மும்பை ரூட் மேப்பும் இந்த வருஷத்துது வந்ததும் ஒருதடவை பாத்துக்கோங்க, பாதை அப்பப்ப மாறும்.

அடையாறு_விடியல்

சரி, இப்போதைக்கு நான் எழுதிக்கிட்டது. செவ்வாயும் வெள்ளியும் ஈஸி ரன் முடிச்சு ஆபீஸ் ராம்ப்ல 8 செகண்ட் ஸ்பிரின்ட் நாலு. நவம்பர் முதல் வாரத்துலருந்து புதன்கிழமை 60 செகண்ட் ரெப், மழைன்னா டிரெட்மில். டிசம்பர்லருந்து சனிக்கிழமை பரங்கிமலைல நாலு நிமிஷ ரெப், ஞாயிறு லாங் ரன் முடிவுல திரும்ப பரங்கிமலை. குதிகால் பயிற்சி திங்கள், புதன், வெள்ளி.

பிசியோ_அக்கா

சனி மேடு, ஞாயிறு மேடு ரெண்டும் அடுத்தடுத்து வேண்டாம் தம்பி. டிசம்பர்லயும் இன்டர்வல் புதன்லயே இருக்கட்டும், வேலை நாள்ல பரங்கிமலை தூரம்னா டிரெட்மில்லயே ஓடுங்க. லாங் ரன்ல மேடு வர்ற வாரத்துல புதன் ரெப்ப பாதியாக்கிருங்க. அந்த லாங் ரன் மேடும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போதும். மும்பை ஜனவரி நடுவுலன்னா கிறிஸ்துமஸ் வாரத்தோட பெரிய மேடு முடிஞ்சிடணும். புதன் காலைல ரெப் ஓடினா குதிகால் பயிற்சிய அன்னிக்கு சாயங்காலத்துக்கு தள்ளுங்க, ஓடறதுக்கு முன்னாடி பண்ணாதீங்க.

சேலத்துக்காரி

அக்கா, இன்னிக்கு காலைல நாலாவது வளைவு வரைக்கும் ஏறி, ரெண்டு மட்டும் அடிய சின்னதாக்கி ஓடி இறங்கினேன், மீதி நடை. புதன்கிழமை தொடை எப்படி இருக்குன்னு எழுதறேன். பழைய ஷூல இறங்கினா பெருவிரல் நகம் முன்னாடி போய் இடிக்குது, அதுக்கு ஏதாவது பண்ணலாமா?

பிசியோ_அக்கா

ஷூல கணுக்கால் பக்கம் கடைசியா ஒரு கூடுதல் ஓட்டை இருக்கும் பாருங்க, அதுல லேச வளையமா விட்டு எதிர்ப்பக்கத்து லேச அதுக்குள்ள கோத்து இறுக்கிக் கட்டுங்க. குதிகால் பின்னாடியே நிக்கும், விரல் முன்னாடி சரியாது. அதுக்கும் இடிச்சா ஷூ அரை சைஸ் சின்னதுன்னு அர்த்தம், மாத்திருங்க.